பூனைக்கு ஒரு நாற்காலி

என் நாத்தனாரைப் பற்றி யாராவது நல்ல வார்த்தை சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் வேலை பார்க்கும் தையல் கடை முதலாளி ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில் என்னைப் பிடித்துக்கொண்டு, “உங்க நாத்தனாருக்குத் தங்கமான கைங்க. அவங்க தைச்ச ஸ்கிரீன் பத்து வருஷம் ஆனாலும் மடிப்பு கலையாது” என்றார். நான் சிரித்து வைத்தேன். தங்கமான கைதான், யார் இல்லை என்றது? பத்தொன்பது வருடம் என் வீட்டுச் சோற்றைத் தின்ற கை. போன வருடம் ஒரே ஒரு பையைத் தூக்கிக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூட ஒழுங்காகச் சொல்லாமல் போன கை.

விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவள் வாடகைக்கு இருந்த மாடி அறையின் ஒரு வருட ஒப்பந்தம் போன மாதக் கடைசி ஞாயிறோடு முடிவதாக இருந்தது. தனியாக இருக்கும் பெண்ணுக்கு அறை வேண்டுமென்றால் வீட்டு ஆண் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அந்த வீட்டுக்காரம்மாவின் சட்டம். முதல் தடவை என் கணவர் எனக்குத் தெரியாமல் போட்டுக் கொடுத்துவிட்டார். இந்தத் தடவை புதுத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் வைத்தார். நான் அதை எடுத்து அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்ட தாள் போய்ச் சேரவில்லை என்றால் அறை வேறு ஆளுக்கு. அவள் பையைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்குத்தான் வர வேண்டும். வரட்டும் என்றுதான் செய்தேன். எனக்கு முட்டி வலி. இரண்டு வேளை சமையல், துணி, பாத்திரம் எல்லாம் என் தலையில்.

அவளுக்கு எங்கள் வீட்டில் பூனை என்று பெயர். என் மகன் சின்னப் பையனாக இருக்கும்போது வைத்த பெயர், பூனை அத்தை. நடந்தால் சத்தம் வராது. நின்றால் நிற்பது தெரியாது. அடுப்படியில் திரும்பினால் பின்னால் நிற்பாள், நமக்குத் தூக்கிவாரிப் போடும். கட்டிக்கொடுத்த இடம் சரியில்லை என்று ஒன்றரை வருடத்தில் திரும்பி வந்தவள். வந்தவளை நான் போ என்றா சொன்னேன்? எங்கள் வீட்டில் இருப்பதே இரண்டு அறை. ஒன்று எங்களுக்கு, ஒன்று பையனுக்கு. ஹாலின் கோடியில் குளிர்சாதனப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கட்டில் போடும் அளவுக்கு இடம் இருந்தது. அதைக் கொடுத்தோம். குறுக்கே ஒரு கம்பி கட்டி, அவளே நீலத் துணியில் ஸ்கிரீன் தைத்து மாட்டிக்கொண்டாள். அடியில் நாலு விரல் மடிப்பு விட்டுத் தைத்திருந்தாள். துவைக்கத் துவைக்கச் சுருங்கினால் பிரித்து இறக்கிக்கொள்ளலாமாம். மூன்று தடவை பிரித்து இறக்கினாள். அத்தனை வருடம் இருந்திருக்கிறாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படி இருந்தவள் எதற்காகப் போனாள் தெரியுமா? என் தம்பி ஊரிலிருந்து வந்திருந்தான். போனில் சார்ஜ் இல்லை. ஹாலில் ஒழுங்காக வேலை செய்கிற ஒரே பிளக் அவள் கட்டிலுக்கு மேலேதான் இருக்கிறது. அவன் பாட்டுக்கு ஸ்கிரீனை இழுத்திருக்கிறான். இவள் உள்ளே உடை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். அவ்வளவுதான் நடந்தது. கத்தினாளா, அழுதாளா, ஒன்றும் இல்லை. நான்தான் பேச்சை முடித்து வைக்கலாம் என்று, “அவன் என்ன வேணும்னா பண்ணான்? போன்ல சார்ஜ் இல்ல. இதைப் போய்ப் பெரிசு பண்ணாதே” என்றேன். அவள் சரி அண்ணி என்றாள். அடுத்த வாரம் அறை பார்த்துவிட்டாள். ஊமைக்கோட்டான் என்றால் இவள்தான்.

போனவள் ஒரு மூலையில் முடங்கிக் கிடந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இரக்கம் வந்திருக்கும். அங்கேதான் ஆரம்பித்தது ஆட்டம். என் கணவர் சனிக்கிழமை சாயங்காலம் எங்கேயோ போய்விட்டு வருவார். எங்கே என்று கேட்டால் “சும்மா, நடந்துட்டு வரேன்” என்பார். மூன்றாவது வாரம் பிடித்துவிட்டேன். நடந்துவிட்டு வருகிறவர் வாயில் பிஸ்கட் வாசனை எப்படி வரும்? அதற்குப் பிறகு நானே கேட்க ஆரம்பித்தேன்.

“என்ன பண்றா மகாராணி?”

“நல்லாத்தான் இருக்கா. ஒரு விளக்கு வாங்கியிருக்கா.”

“விளக்கா? அங்க கரண்டு இல்லையா?”

“அது இருக்கு. இது கட்டில் பக்கத்துல வைக்கிற சின்ன விளக்கு. மஞ்சத் துணியில அவளே கூடு தைச்சிருக்கா. போட்டா ரூம்பே ஒரு மாதிரி இதமா இருக்கு.”

இதமாம்! எங்கள் வீட்டில் இருபது வருடமாக எரிகிற குழல்விளக்கு இவருக்குக் கண்ணைக் கரித்ததா? அடுத்த மாதம் கால்மிதி. வாசலுக்கு இல்லை, கட்டிலுக்குப் பக்கத்தில். காலையில் எழுந்ததும் வெறும் தரையில் கால் வைத்தால் சில்லென்று இருக்கிறதாம், அம்மணிக்கு ஆகாதாம். இங்கே பத்தொன்பது வருடம் விடியற்காலை ஐந்து மணிக்கு எந்த மிதியில் கால் வைத்தாள்? அப்புறம் தண்ணீர் கொதிக்கும் கெட்டில். அப்புறம் தன் உயரத்துக்குச் சரியாக ஒரு கண்ணாடி. எங்கள் வீட்டுக் கண்ணாடி என் கணவர் உயரத்துக்கு மாட்டியது, அவள் எக்கி எக்கித்தான் தலை வாருவாள். சொன்னால் இறக்கி மாட்டியிருக்க மாட்டோமா? வாயைத் திறந்தால்தானே.

நாற்காலி விஷயம் வந்தபோதுதான் எனக்கு நிஜமாகவே வயிறு எரிந்தது. யாரோ ஒருத்தர் துணி மாற்றக் கடையில் கொடுத்துவிட்டு வாங்க வராமலே போன கை வைத்த நாற்காலியாம். முதலாளி இவளிடமே கொடுத்துவிட்டார். ஸ்பிரிங்கை மாற்றி, பஞ்சு திணித்து, பச்சைத் துணி போட்டுத் தைத்து ஜன்னல் ஓரம் போட்டிருக்கிறாள். “அதுல உக்காந்தா எழுந்திரிக்கவே மனசு வரல” என்று என் கணவர் என்னிடமே சொல்கிறார். என் முட்டி வலிக்கு இந்த மனுஷன் இத்தனை வருடத்தில் ஒரு மணை வாங்கிப் போட்டதில்லை.

தாளை டப்பாவில் போட்ட பிறகு, புதன்கிழமை நானே நேரில் போனேன். சொல்ல வேண்டியதை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வரலாம் என்று எண்ணம். அன்று அவளுக்கு அரை நாள் வேலை. மாடிப்படி இருபத்திரண்டு. முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே போய்ப் பையைக் கட்டில்மேல் வைத்தேன்.

அவள் அந்தப் பச்சை நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். கையில் மூடி போட்ட நீலக் கோப்பை. என்னைப் பார்த்ததும் அலறி அடித்துக்கொண்டு எழுந்திருப்பாள் என்று நினைத்தேன். எழுந்திருக்கவில்லை.

“அண்ணி, வெளியில போய்த் தட்டிட்டு வாங்க” என்றாள்.

“என்னது?”

“தட்டிட்டு வாங்கன்னு சொன்னேன்.”

“நான் யாருன்னு தெரியுதா உனக்கு?”

“தெரியுது. அதனாலதான் சொல்றேன்.”

எனக்குக் காது அடைத்துவிட்டது. இனி இந்தப் படியை மிதித்தால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன் என்று விருட்டென்று வெளியே வந்தேன். அவள் எழுந்து வந்து கதவைச் சாத்திவிட்டாள். இரண்டு படி இறங்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது, பை உள்ளே கட்டில்மேல் இருக்கிறது. வீட்டுச் சாவி, கண்ணாடி, பஸ் காசு எல்லாம் அதில். வேறு என்ன செய்வது? தட்டினேன்.

“யாரு?” என்று கேட்டாள். அடிப்பாவி.

“உன் எமன்!”

“உள்ள வாங்க அண்ணி.”

இந்தத் தடவை அவளே கதவைத் திறந்தாள். திறந்துவிட்டு மறுபடியும் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். அறையில் இருந்தது அந்த ஒரே நாற்காலி. எனக்குக் கட்டிலைக் காட்டினாள். நான் உட்காரவில்லை. அறையை ஒரு பார்வை பார்த்தேன். குறை சொல்ல ஏதாவது அகப்படும் என்றுதான் பார்த்தேன். ஜன்னல் ஸ்கிரீன் கடையில் மிஞ்சிய துண்டுத் துணிகளை ஒட்டுப் போட்டுத் தைத்தது, ஏழு நிறம். பிச்சைக்காரி போர்வை என்று சொல்ல வாயெடுத்தேன். வெயில் அதன் வழியாக வந்து தரையில் விழுந்திருந்தது, சொல்ல வரவில்லை. விரலால் தடவிப் பார்த்தேன், ஒட்டு எங்கே என்று கைக்குத் தட்டுப்படவில்லை.

ஜன்னல் விளிம்பில் என் கணவரின் மூக்குக்கண்ணாடி இருந்தது. பஸ்ஸில் தொலைத்துவிட்டேன் என்று ஆறு மாதமாகச் சாதித்த மூக்குக்கண்ணாடி.

“இது இங்க என்ன பண்ணுது?”

“அண்ணனோடது. சனிக்கிழமை வந்தா பேப்பர் படிப்பார்.”

“ஏன், வீட்டுல படிக்க முடியாதாமா?”

“அவரைக் கேளுங்க.”

அந்த நிமிடம்தான் தாள் விஷயத்தைப் போட்டு உடைத்தேன். கையெழுத்து ஆகாது, தாள் என்னிடம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பெட்டியைக் கட்டு என்றேன். அவள் கோப்பையை மெதுவாகத் தரையில் வைத்தாள். முகம் வெளுத்துவிட்டது. எனக்கு இனித்தது, பொய் சொல்லமாட்டேன்.

“கிழிச்சிடாதீங்க அண்ணி” என்றாள்.

“கிழிக்கிறதும் கிழிக்காததும் உன் கையில இருக்கு.”

“நான் அந்த எடத்துக்கு வரமாட்டேன். ரோட்டுல படுத்தாலும் படுப்பேன்.”

“அந்த எடத்துக்கு என்னடி கொறைச்சல்? பத்தொம்போது வருஷம் படுத்தியே, அப்பெல்லாம் முள்ளா குத்திச்சு?”

அவள் என்னை நேராகப் பார்த்தாள். பூனை நேராகப் பார்த்து அன்றைக்குத்தான் நான் பார்க்கிறேன்.

“ஒரு நாள் நீங்க படுத்துப் பாருங்க.”

“படுக்கிறேன்! படுத்து எழுந்து வந்து உன் மூஞ்சியில சொல்றேன், சொகமா இருந்துச்சுன்னு!”

பையைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். படியிறங்கும்போது பின்னால் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. டக்கென்று ஒரே சத்தம்.

வீம்புக்குத்தான் படுத்தேன். சனிக்கிழமை மத்தியானம், சாப்பாடு ஆன பிறகு, தலையணையை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கட்டிலில் படுத்து ஸ்கிரீனை இழுத்துவிட்டேன். அவள் போனதிலிருந்து அங்கே இஸ்திரிக்குப் போகும் துணியைத்தான் குவித்து வைத்திருந்தோம். “என்னம்மா, புது எடமா இருக்கு?” என்று என் கணவர் கேட்டார். “என் வீடு, எங்க வேணா படுப்பேன்” என்றேன்.

முதலில் குளிர்சாதனப் பெட்டி. தலைமாட்டிலேயே நின்று உறுமியது. நின்றது என்று கண்ணை மூடினால் மறுபடியும் உறுமியது. அப்புறம் டிவி. ஹாலில் உட்கார்ந்து பார்க்கும்போது அது இவ்வளவு சத்தம் என்று எனக்குத் தெரியாது. என் கணவர் அடுப்படிக்குப் போனார், அவர் தோள்பட்டை உரசி ஸ்கிரீன் என் முகத்தில் விழுந்தது. திரும்பி வந்தார், மறுபடியும் விழுந்தது. குழல்விளக்கு துணிக்கு மேலே இருந்து கண்ணுக்குள் கொட்டியது. அரை மணி நேரத்தில் ஒரு கை உள்ளே வந்தது. ஆளைக் காணோம், கை மட்டும். என் மகனின் கை. பிளக்கைத் தடவி, சார்ஜரைச் சொருகிவிட்டுப் போய்விட்டது. உள்ளே ஆள் இருக்கிறதா இல்லையா என்று அந்தக் கைக்குக் கவலையே இல்லை. நான் ஒன்றும் பேசவில்லை. தோற்றதாக ஆகிவிடும் அல்லவா?

தூக்கமும் இல்லை, முட்டியும் குடைந்தது. எழுந்து உட்கார்ந்து, உடையைத் தொடை வரைக்கும் வழித்துவிட்டுக்கொண்டு தைலம் தேய்த்தேன். இரண்டு கையிலும் தைலம். அப்போது சர்ரென்று வளையங்கள் ஓடும் சத்தம். ஸ்கிரீன் முழுதாகத் திறந்துவிட்டது. என் மகன் நிற்கிறான். அவன் பின்னால், தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தபடி, அவனோடு வேலை பார்க்கும் சிநேகிதன் நிற்கிறான். அந்தப் பையன் சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டான். அவன் பார்த்திருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்காது.

உடையை இழுத்துவிடவும் கை வரவில்லை, தைலம். “தட்டிட்டு வரத் தெரியாதாடா உனக்கு!” என்று கத்தினேன்.

“ஸ்கிரீனை எப்படிம்மா தட்டுறது?” என்றான் என் மகன். “இவன் போன்ல சார்ஜ் இல்ல. அதுக்குப் போய்…”

இழுத்து மூடிவிட்டுப் போய்விட்டான். ஹாலில் இருவரும் எதற்கோ சிரித்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்திருக்க மாட்டார்கள். இருந்தாலும் நான் அந்த நீலத் துணியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடியில் மூன்று தையல் கோடுகள் வரிசையாகத் தெரிந்தன, பிரித்துப் பிரித்து இறக்கிய இடங்கள். என் தம்பி வந்த அன்று நான் என்ன சொன்னேன் என்பது ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் வந்தது. அவமானமாக இருந்தது, அதை மறைப்பானேன். அவள்மேல் கோபமும் வந்தது. பத்தொன்பது வருடத்தில் ஒரே ஒரு தடவையாவது என்னைப் போலக் கத்தித் தொலைத்திருக்கக் கூடாதா?

கையைக் கழுவிக்கொண்டு அரிசி டப்பாவைத் திறந்தேன். தாளை உதறி என் கணவர் முன்னால் போட்டேன்.

“கையெழுத்துப் போடுங்க.”

அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இது எப்படி அரிசிக்குள்ள…”

“கேள்வி கேட்டா கிழிச்சுடுவேன். போடுங்க.”

போட்டார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினார். வாசல் வரைக்கும் போனவரைக் கூப்பிட்டேன்.

“நான் ஒண்ணும் மனசு மாறிடல, தெரிஞ்சுக்கோங்க. அவ பண்ணது திமிர்தான். நாளைக்கு ஞாயித்துக்கிழமை நான் வரேன்னு சொல்லுங்க. தட்டிட்டே வரேன்னு சொல்லுங்க. அப்புறம் அந்த மூக்குக்கண்ணாடியை எடுத்துட்டு வாங்க, பஸ்ஸுல தொலைச்சதை.”

அவர் முகத்தில் ஈயாடவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனார். இருட்டுவதற்குள் திரும்பி வந்துவிட்டார். மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவரவில்லை. வீட்டுக்காரம்மா தாளை வாங்கிக்கொண்டார் என்றார். தங்கச்சி கொஞ்ச நேரம் அழுதாள் என்றார்.

“நான் வரேன்னதுக்கு என்ன சொன்னா?”

அவர் தலையைச் சொறிந்தார். “ஞாயித்துக்கிழமை வேண்டாமாம்.”

“ஏனாம்? பெரிய வேலை கிடக்குதாமா?”

“இல்ல. அன்னைக்கு அவ சும்மா இருப்பாளாம். வேற நாள் வரதா இருந்தா, ஒரு நாள் முன்னாடி சொல்லிட்டு வரணுமாம்.”

திமிரைப் பார்த்தீர்களா! கையெழுத்துக்கு நன்றி என்று ஒரு வார்த்தை கிடையாது. சும்மா இருப்பாளாம், அதற்கு ஒரு கிழமை. ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் பொருமிக்கொண்டிருந்தேன். தட்டுகளை எடுத்து வைக்கும்போது, நான் கடைசியாக எந்த ஞாயிற்றுக்கிழமை சும்மா இருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். எவ்வளவு யோசித்தும் ஒன்றுகூட அகப்படவில்லை.

திங்கட்கிழமை தச்சரை வரச் சொன்னேன். ஹால் மூலையைக் காட்டி, பலகை வைத்துத் தடுத்து ஒரு கதவு போட முடியுமா என்று கேட்டேன். பிளக்கை வெளியே மாற்றிவிட வேண்டும், குளிர்சாதனப் பெட்டி வேறு பக்கம் போகட்டும் என்றேன். அவர் டேப்பை வைத்து அளந்து பார்த்துவிட்டு, “ரொம்பச் சின்ன எடம்மா. என்ன, ஸ்டோர் ரூமா?” என்றார்.

“இல்ல. எனக்கு.”

அவர் ஒரு மாதிரி பார்த்தார். காதிலிருந்து பென்சிலை எடுத்துக்கொண்டே, “தாழ்ப்பாள் எந்தப் பக்கம் வைக்கணும்?” என்று கேட்டார்.

“உள்பக்கம்” என்றேன்.